மூன்று அடிமைகளும் வக்கீல் பட்லரும்



ஒரு மகானுடைய சரித்திரத்தைச் சொல்லும்படி நம்மைக் கேட்டிருந்தால் இன்று நமக்கு வேலை மிகவும் சுலபமாய் முடிந்திருக்கும். அவர் பிறந்தபோது வானத்தில் வெளிச்சம் தெரிந்தது என்று ஆரம்பித்து, அவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்தது என்று நடுவில் சொல்லி, அவர் இறந்தபோது மரமும் செடியும் அழுதன என்று முடித்துவிட்டு, மாலையையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் நாம் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிற மனிதர் அப்படிப்பட்டவர் அல்ல. அவர் உயிரோடு இருக்கும்போதே அவரை மிருகம் என்று சொன்னவர்கள் உண்டு. வெள்ளிக் கரண்டி திருடினவர் என்று சொன்னவர்கள் உண்டு. சில பெரிய வீடுகளில் இரவில் சிறுநீர் கழிக்கும் பாத்திரத்தின் உள்ளே அவருடைய முகத்தை எழுதி வைத்துக்கொண்டு தினந்தோறும் அவருக்கு அபிஷேகம் செய்து வந்தார்கள் என்றால் நீங்களே பார்த்துக் கொள்ளுங்கள்!

அவர் பெயர் பெஞ்சமின் பட்லர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1818-ம் வருஷம் பிறந்து 1893-ல் இறந்தவர். வக்கீல், அரசியல்வாதி, பட்டாளத்து ஜெனரல் ஆகிய மூன்று வேலையும் பார்த்தவர். இதில் ஜெனரல் வேலையைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பதே அவருக்கு மரியாதை. இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி நாம் ஏன் பேசவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. ஒரு நாள் ராத்திரி மூன்று அடிமைகள் படகு வலித்துக்கொண்டு வந்து அவருடைய கோட்டை வாசலில் நின்றார்கள். அவர்களை என்ன செய்வது என்பதற்கு இவர் சொன்ன ஒரு வக்கீல் வார்த்தை, இருநூறு வருஷத்துக்கு மேல் அசையாமல் நின்ற அடிமைத்தனத்தின் அஸ்திவாரத்தில் ஒரு கல்லைப் பெயர்த்துவிட்டது. அந்த வார்த்தையைச் சொன்னவரோ அடிமைகளிடத்தில் அன்பு கொண்டவர் அல்ல. அதைத்தான் நாம் முக்கியமாய்க் கவனிக்கவேண்டும்.

அவருடைய இளமையைச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறோம். நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் ஒரு சாதாரண குடும்பத்தில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாய் இருக்கும்போதே தகப்பனார் விஷ ஜுரத்தில் இறந்து போனார். தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லோவல் என்னும் மில் ஊருக்குப் போய், மில் வேலைக்காரர்களுக்குச் சோறு போட்டு இடமும் கொடுக்கும் விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஆகவே பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் தறிக்கு முன் நின்றுவிட்டு வருகிற பெண்களின் முகத்தைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை இவர். பின்னாளில் வக்கீலாகிப் பணம் சேர்த்து, மில்லில் பங்குக்காரரும் ஆன பிறகுகூட, நாளைக்குப் பத்து மணி நேர வேலைதான் வாங்க வேண்டும் என்று முதலாளிகளை எதிர்த்துக் கிளர்ச்சி செய்துவந்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாவது அந்தப் பத்து மணிச் சட்டம் அந்த மாகாணத்தில் 1874-ல் வந்தது.

அவருடைய கல்லூரிக் காலத்தைப் பற்றி ஒரு சங்கதி சொல்லுகிறார்கள். அதை உங்களுக்குச் சொல்லாமல் விட நமக்கு மனம் வரவில்லை. மெயின் மாகாணத்தில் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் நடத்திய ஒரு கல்லூரியில் அவர் படித்தார். ஜெபத்துக்கும் பிரசங்கத்துக்கும் எல்லா மாணவர்களும் கட்டாயமாய்ப் போகவேண்டும், போகாவிட்டால் அபராதம். ஒரு நாள் பிரசங்கம் செய்தவர், மோட்சத்துக்குப் போகிறவர்கள் யார் யார் என்பது கடவுளால் முன்னமேயே பொறுக்கி எடுக்கப்பட்டாய்விட்டது என்றும், அவர்கள் மிகவும் சொற்பம் பேர்தான் என்றும், நல்ல உபதேசத்தைக் காதால் கேட்டும் கரையேறாதவனுக்கு அதைக் கேளாதவனைவிட அதிகத் தண்டனை என்றும் சொன்னார். பட்லர் உடனே உட்கார்ந்து கணக்குப் போட்டு அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் இந்தக் கல்லூரி முழுவதற்கும் மோட்சத்தில் நாலைந்து இடத்துக்குமேல் கிடைக்காது. அந்த இடங்களுக்கு இங்கே இருக்கிற உபாத்தியாயர்களே அதிகம். ஆகவே தமக்கு நம்பிக்கை இல்லை. பிரசங்கத்துக்குப் போகப் போகத் தமது தண்டனைதான் ஏறிக்கொண்டு போகும். ஆதலால் தம்மைப் போகாமல் இருக்க விடவேண்டும் என்பது மனுவின் சாரம். இதற்கு அதிகாரிகள் என்ன பதில் சொன்னார்கள்? எல்லோர் முன்னிலையிலும் நிறுத்திக் கண்டித்தார்கள். கணக்கில் தப்பு எங்கே என்று மட்டும் ஒருவரும் காட்டவில்லை. எதிரியின் சாஸ்திரத்தை எடுத்து எதிரியின் தலையிலேயே போடுகிற இந்தச் சாமர்த்தியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முன்னே சொன்ன கோட்டை வாசலில் இது மறுபடியும் வரும்.

நிற்க, அரசியலில் அவர் எப்படி இருந்தார்? மிகவும் மோசமாக இருந்தார் என்றே நாம் சொல்லுவோம். அக்காலத்தில் அமெரிக்காவின் தென் மாகாணங்களில் சுமார் 40 லக்ஷம் கறுப்பு மக்கள் ஆடு மாடுகளைப்போல் ஏலத்தில் விற்கப்படும் அடிமைகளாய் இருந்தார்கள். வடக்கே அடிமைத்தனத்தை ஒழிக்கவேண்டும் என்று சிலர் அடிபட்டும் உதைபட்டும் பிரசாரம் செய்து வந்தார்கள். பட்லர் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. அடிமை எஜமானர்கள் செல்வாக்குப் பெற்றிருந்த டெமாக்ரடிக் கட்சியில் இருந்தார். 1860-ல் அந்தக் கட்சி ஜனாதிபதி அபேட்சகரைப் பொறுக்குவதற்காகச் சார்ல்ஸ்டன் நகரத்தில் கூடினபோது, ஓட்டு எடுத்து எடுத்து முடிவு ஏற்படாமல் 57 தடவை ஓட்டு எடுத்தார்கள். அதில் சுமார் 50 தடவை பட்லர் யாருக்கு ஓட்டுப் போட்டார் தெரியுமா? ஜெபர்சன் டேவிஸ் என்பவருக்கு. அடுத்த வருஷமே தென் மாகாணங்கள் அடிமைத்தனத்தைக் காப்பாற்றுவதற்காகத் தனி ராஜ்யம் என்று பிரிந்து போனபோது, அந்த அடிமை ராஜ்யத்துக்கு ஜனாதிபதியாய் வந்தவர் இதே டேவிஸ்தான்!

அது மாத்திரமா? 1861 ஏப்ரலில் யுத்தம் ஆரம்பமானதும் பட்லர் மாசசூசெட்ஸ் பட்டாளத்துக்குத் தலைவராய் மேரிலாந்து மாகாணத்துக்குப் போனார். அங்கே அடிமைகள் கலகம் செய்யப்போகிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பிற்று. பட்லர் அந்த மாகாணத்துக் கவர்னருக்கு, அப்படிக் கலகம் நடந்தால் அதை அடக்க என் சிப்பாய்களைத் தருகிறேன் என்று தாமாகவே எழுதினார். தமது மாகாணத்துக் கவர்னரே இதற்காக அவரைக் கண்டித்தார். அடிமைகளைச் சுடுவதற்குத் துப்பாக்கி தருகிறேன் என்று ஏப்ரல் மாதத்தில் எழுதின அந்த மனிதரிடத்திலேதான் மே மாதத்தில் மூன்று அடிமைகள் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களுடைய பெயர்கள் பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட். வர்ஜீனியா மாகாணத்தில் மல்லோரி என்ற ஒரு கர்னலின் வசத்தில் இருந்தவர்கள். ஷெப்பர்ட் என்பவருக்குப் பெயரோடு ஒட்டியிருக்கிற மல்லோரிகூட எஜமானனுடைய பெயர்தான். அடிமைக்குச் சொந்தமாய்ப் பெயர்கூட ஏது? கலகக்காரர்களுடைய பீரங்கி மேடைக்கு மண் சுமக்க இவர்களை அனுப்பியிருந்தார்கள். அடுத்தபடியாகக் குடும்பத்தை விட்டுப் பிரித்துத் தூர தெற்கே கொண்டுபோகப் போகிறார்கள் என்ற சேதி இவர்கள் காதில் விழுந்தது. 1861 மே 23-ந் தேதி இரவில் ஒரு சிறு படகில் ஏறி ஜலசந்தியைக் கடந்து, வர்ஜீனியாவிலேயே சர்க்காரின் கையில் மிஞ்சியிருந்த மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தக் கோட்டை நிற்கிற இடம் எது என்றால், 1619-ல் வர்ஜீனியாவுக்குப் பிடித்துக்கொண்டு வரப்பட்ட முதல் ஆப்பிரிக்கர்கள் கப்பலில் இருந்து இறக்கப்பட்ட அதே முனை.

அந்தக் கோட்டைக்குத் தளபதியாய்ப் பட்லர் வந்து சேர்ந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. மூன்று பேரையும் தனித்தனியே கூப்பிட்டு விசாரித்தார். மறுநாள் வெள்ளைக் கொடி பிடித்துக்கொண்டு எதிரித் தரப்பிலிருந்து மேஜர் கேரி என்ற ஒரு அதிகாரி வந்து, ஓடிவந்த அடிமைகளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று கேட்டார். அவர் வெறுங்கையோடு வரவில்லை, சட்டத்தோடு வந்தார். 1850-ல் அமெரிக்க காங்கிரசு செய்த சட்டப்படி, ஓடிப்போன அடிமை எந்த மாகாணத்தில் அகப்பட்டாலும் பிடித்து எஜமானனிடம் ஒப்படைக்க வேண்டும். அவனுக்கு உதவி செய்கிறவனுக்கு அபராதமும் ஜெயிலும் உண்டு. நான் அடிமை அல்ல என்று தன் வாயால் சாட்சி சொல்லக்கூட அந்த மனிதனுக்கு உரிமை கிடையாது. லிங்கன் அவர்களின் சர்க்காரும் அந்தச் சட்டத்தை அப்போது எடுத்துவிடவில்லை.

பட்லர் என்ன சொன்னார்? அடிமைத்தனம் அநியாயம் என்றோ, மனிதனை மனிதன் சொத்தாக வைத்திருக்கலாமா என்றோ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வக்கீல்போல் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் மாகாணம் ஐக்கிய நாட்டைவிட்டுப் பிரிந்து அன்னிய தேசம் ஆகிவிட்டது என்று நீங்களே சொல்லுகிறீர்கள். அன்னிய தேசத்தானுக்கு எங்கள் தேசத்துச் சட்டத்தைக் காட்டி அடிமையைத் திருப்பிக் கேட்க என்ன பாத்தியம் இருக்கிறது? கர்னல் மல்லோரி இந்தக் கோட்டைக்கு வந்து ஐக்கிய நாட்டுக்கு விசுவாசமாய் இருப்பேன் என்று பிரமாணம் செய்து கொடுக்கட்டும், ஆட்களைக் கொண்டுபோகட்டும் என்றார். அதோடு நிற்கவில்லை. இந்த ஆட்களை உங்கள் சொத்து என்கிறீர்கள், இந்தச் சொத்தைக்கொண்டு எங்களைச் சுடுவதற்குப் பீரங்கி மேடை கட்டுகிறீர்கள், யுத்த காலத்தில் எதிரிக்கு உதவுகிற சரக்கு எதுவாய் இருந்தாலும் அதைப் பறிமுதல் செய்ய எனக்கு அதிகாரம் உண்டு. ஆகவே இவர்களைக் காண்ட்ராபாண்டாக எடுத்துக்கொண்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். காண்ட்ராபாண்டு என்றால் எதிரிக்குப் போகும் துப்பாக்கி, மருந்து, குதிரை முதலியவைபோல் யுத்தத்தில் பிடித்துக்கொள்ளக்கூடிய சரக்கு என்று அர்த்தம்.

தோழர்களே! இதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. மனிதனைச் சரக்கு என்று எஜமானன் சொன்னான். பட்லரும் ஆமாம், சரக்குத்தான் என்றார். சரக்கு கை மாறிற்றே ஒழிய மனிதன் ஆகவில்லை. கோட்டைக்குள்ளும் அவர்களுக்கு வேலை வைத்தார்கள். முதலில் கஞ்சியும் துணியும்தான், சரியான கூலி கிடையாது. இதை நாம் மறைக்க மாட்டோம். ஆனால் இதனுடைய வேலையைப் பாருங்கள். எந்தச் சட்டம் அடிமையைச் சொத்து என்று சொல்லிற்றோ அந்தச் சட்டத்தைக்கொண்டே சொத்து எஜமானனுடைய கையை விட்டுப் போயிற்று. அடிமைத்தனம் பாவம் என்று சொல்லியிருந்தால் பைபிளில் இருந்து நூறு வசனம் எடுத்து அதற்குப் பதில் சொல்லியிருப்பார்கள். அங்கே பாதிரிமார்கள் அதற்கென்றே இருந்தார்கள். இதற்குப் பதில் சொல்லவேண்டுமானால் ஒன்று, நாங்கள் பிரியவில்லை என்று சொல்லவேண்டும். அல்லது, அடிமை சொத்து அல்ல என்று சொல்லவேண்டும். இரண்டையும் சொல்ல முடியாமல் வந்தவர் திரும்பிப் போனார். கல்லூரியில் மோட்சக் கணக்குப் போட்ட அதே மூளைதான் இங்கேயும் வேலை செய்தது.

மூன்று பேர் திருப்பி அனுப்பப்படவில்லை என்ற சேதி காட்டுத் தீப்போல் பரவிற்று. இரண்டு நாள் கழித்து எட்டுப் பேர் வந்தார்கள். மறுநாள் 47 பேர் வந்தார்கள். அவர்களில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள், கிழவர்களும் இருந்தார்கள். கைக்குழந்தையா பீரங்கி மேடை கட்டிற்று? வக்கீல் வாதம் இங்கே செல்லாது. பட்லருக்கே இது தெரிந்தது. தாயை எடுத்துக்கொண்டு குழந்தையை எஜமானனுக்குக் கொடுக்கிறதா என்று தமது மேலதிகாரிகளுக்கு எழுதிக் கேட்டார். ஜூலை மாத முடிவில் அங்கே சேர்ந்தவர்கள் 900 பேர். அப்போது எழுதின ஒரு கடிதத்தில், எஜமானன் கைவிட்டு ஓடிப்போன இந்த ஜனங்களை இன்னும் சொத்து என்று எண்ணுகிறதா, மனிதர்கள் என்று எண்ணுகிறதா என்ற கேள்வியையே அவர் எழுப்பினார். ஏப்ரலில் துப்பாக்கி தருகிறேன் என்று எழுதின கை, மூன்று மாதத்துக்குள் இந்தக் கேள்வியை எழுதிற்று. அவருக்கு ஞானோதயம் எந்த மரத்தடியிலும் வரவில்லை. படகு வலித்துக்கொண்டு வந்து வாசலில் நின்ற மனிதர்களின் முகத்தைப் பார்த்து வந்தது.

ஆகஸ்டு 6-ந் தேதி அமெரிக்க காங்கிரசும், கலகத்துக்கு உபயோகப்படுத்தப்பட்ட அடிமைகள்மீது எஜமானனுக்குப் பாத்தியம் இல்லை என்று சட்டம் செய்தது. அதற்குப் பதினேழு மாதத்துக்குப் பின்தான் லிங்கனுடைய விடுதலைப் பிரகடனம் வந்தது. லிங்கனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்; அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் விடுதலை மேலே இருந்து இறங்கி வந்தது என்று மாத்திரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். முதலில் அது படகில் வந்தது.

இனி நியூ ஆர்லியன்ஸ் விஷயத்துக்கு வருவோம். பட்லருக்கு மிருகம் என்ற பட்டம் கிடைத்தது அங்கேதான். தென் மாகாணங்களிலேயே பெரிய நகரம் அது. அடிமை வியாபாரத்துக்குப் பெரிய சந்தையும் அதுவே. 1862 மே முதல் தேதி பட்லர் தமது படையோடு அதற்குள் நுழைந்தார். நகரம் பட்டினியாய்க் கிடந்தது. தெருவெல்லாம் குப்பை, சாக்கடையெல்லாம் தேக்கம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், 1853-ல், மஞ்சள் ஜுரம் வந்து அந்த நகரத்தில் சுமார் 8,000 பேரைக் கொண்டு போயிருந்தது. பட்லர் வேலையில்லாத ஏழைகளைக் கூலிக்கு அமர்த்திச் சாக்கடைகளை வாரச் செய்தார். ஜுரம் கண்ட கப்பல்களை நகரத்துக்குத் தூரத்திலேயே நிறுத்திவைத்தார். அந்தக் கோடையில் ஜுரத்தால் செத்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. யுத்தத்தால் கப்பல் போக்குவரத்துக் குறைந்து போனதும் அதற்கு ஒரு காரணம் என்பதைச் சொல்லிவிடவேண்டும். அந்த ஜுரத்தைக் கொசு பரப்புகிறது என்பதே 1900-ல்தான் ருசுவாயிற்று. பட்லருக்கு அது தெரியாது. தேங்கின தண்ணீரை இறைத்தால் நோய் குறைகிறது என்பது மாத்திரம் தெரியும். அந்த வேலையைச் செய்தார்.

கூலிக்கும் சோற்றுக்கும் பணம் எங்கே இருந்து வந்தது? அதுதான் வேடிக்கை. கலகத்துக்காகக் கடன் பத்திரம் வாங்கி நிதி கொடுத்த பணக்காரர்களுடைய ஜாபிதா அவர் கையில் அகப்பட்டது. யுத்தத்தை மூட்டினவர்கள் நீங்கள், பட்டினி கிடக்கிறவர்கள் ஏழைகள். ஆகவே கொடுத்த நிதிக்குத் தக்கபடி ஏழைகளுக்கும் கொடுங்கள் என்று அந்த ஜாபிதாப்படியே வரி போட்டு வசூலித்தார். பணக்காரனிடத்தில் வாங்கி ஏழைக்குக் கொடுத்தவனுக்கு மிருகம் என்ற பெயர் வருவது ஆச்சரியமா?

ஆனால் அவருடைய குற்றங்களையும் சொல்லுவோம். கொடியை அறுத்து எறிந்ததற்காக மம்போர்டு என்ற ஒருவரைத் தூக்கில் போட்டார். நகரம் முழு வசப்படுவதற்கு முன்னே நடந்த காரியத்துக்கு உயிரை வாங்கியது நியாயம் என்று நாம் சொல்லமாட்டோம். பிற்காலத்தில் அந்த விதவை கஷ்டப்பட்டபோது, அவருக்கு வாஷிங்டனில் சர்க்கார் உத்தியோகம் கிடைக்க உதவி செய்தவரும் பட்லர்தான். செத்தவர் அதனால் திரும்பி வரவில்லை. அவருடைய தமையனார் அந்த நகரத்தில் வியாபாரம் செய்து ஏராளமாய்ப் பணம் குவித்தார். தம்பி தளபதியாய் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. கரண்டி திருடினார் என்பதற்குத்தான் சாட்சி கிடையாது. ஆனாலும் கரண்டிப் பெயரே நிலைத்தது. பின்னால் 1873-ல் காங்கிரசு அங்கத்தினர்கள் தங்களுக்குத் தாங்களே சம்பளத்தை உயர்த்திக்கொண்டு, கழிந்துபோன காலத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளச் சட்டம் செய்தார்களே, அதற்கும் முன் நின்றவர் இவர்தான்.

பெண்கள் உத்தரவு என்று ஒன்று உண்டு. நகரத்துப் பெரிய வீட்டுப் பெண்கள் சிப்பாய்களைக் கண்டால் காறித் துப்புவதும், மாடியில் இருந்து அசுத்தத்தைக் கொட்டுவதுமாய் இருந்தார்கள். அப்படி அவமதிக்கிற பெண்ணைத் தெருவில் தொழில் நடத்துகிற பெண்ணாகவே பாவித்து நடத்தலாம் என்று மே 15-ந் தேதி உத்தரவு போட்டார். உலகமே கூச்சல் போட்டது. இங்கிலாந்துப் பிரதம மந்திரி பாமர்ஸ்டன் பிரபு பார்லிமெண்டில் எழுந்து கண்டித்தார். ஒரு பெண்ணை அவமானப்படுத்த இன்னொரு வகைப் பெண்ணின் பெயரை வசவாக உபயோகிக்கிற இந்த உத்தரவை நாமும் கண்டிக்கிறோம். ஆனால் பெண்ணின் மானம், பெண்ணின் மானம் என்று அன்று கத்தினவர்களை ஒன்று கேட்கவேண்டும். அதே நகரத்தில், அதே தெருக்களில், மேடைமேல் நிறுத்திப் பல்லைப் பிடித்துப் பார்த்துக் கறுப்புப் பெண்களை ஏலம் போட்டார்களே, அப்போது இந்த மானம் எங்கே போயிருந்தது? அவர்கள் பெண்கள் இல்லையா?

பட்லருடைய மனம் அங்கேயும் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. அவருக்குக் கீழே பெல்ப்ஸ் என்று ஒரு ஜெனரல் இருந்தார். அவர் உண்மையான அடிமை ஒழிப்புக்காரர். ஓடிவந்த அடிமைகளைச் சிப்பாய்களாக்கித் துப்பாக்கி கொடுக்கவேண்டும் என்று கேட்டார். பட்லர், துப்பாக்கி வேண்டாம், மரம் வெட்டச் சொல் என்றார். நான் அடிமை ஓட்டுகிற கங்காணி அல்ல என்று பெல்ப்ஸ் ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். போனபின் சில நாளைக்குள் ஆள் போதாமல் போகவே, பட்லர் தாமே கறுப்புப் பட்டாளம் சேர்த்தார். செப்டம்பர் 27-ந் தேதி முதல் படை உத்தியோக முறையாகச் சேர்க்கப்பட்டது. உத்தரவில் சுதந்திரமான கறுப்பர்கள் என்றுதான் எழுதியிருந்தது. சேருகிறபோது ஓடிவந்தவனா என்று எவனும் கேட்கவில்லை. அதைவிட முக்கியம், அந்தப் படைக்கு காப்டன்களும் லெப்டினண்டுகளும் கறுப்பர்களாகவே நியமிக்கப்பட்டார்கள். பட்லருக்குப் பின் வந்த ஜெனரல் செய்த காரியங்களில் ஒன்று, இந்தக் கறுப்பு அதிகாரிகளை வெளியேற்றினது. சிப்பாயாய்ச் சாகலாம்; உத்தரவு போடக்கூடாது. பெல்ப்ஸின் பெயரை இன்று யாருக்குத் தெரியும்? கொள்கைக்காக உத்தியோகத்தை விட்ட அவருக்கு நம்முடைய மரியாதையை இந்த மேடையில் செலுத்திக்கொள்ளுகிறோம்.

1862 டிசம்பரில் தெற்கு ஜனாதிபதி ஒரு பிரகடனம் வெளியிட்டார். பட்லர் மனித ஜாதிக்கே விரோதி என்றும், அகப்பட்டவுடனே தூக்கில் போடவேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. கையெழுத்துப் போட்டவர் யார்? சுமார் 50 தடவை பட்லருடைய ஓட்டைப் பெற்ற அதே ஜெபர்சன் டேவிஸ். இரண்டரை வருஷத்துக்குப் பின் யுத்தத்தில் தோற்றுப் பிடிபட்ட டேவிஸைக் கொண்டுபோய் இரண்டு வருஷம் அடைத்துவைத்தது, மூன்று அடிமைகள் படகில் போய்ச் சேர்ந்த அந்த மன்ரோ கோட்டையில்!

பட்லருடைய மற்ற யுத்தங்களைப் பற்றி நாம் முன்னே சொன்ன மரியாதையைக் காப்பாற்றி விட்டுவிடுகிறோம். 1864-ல் அவருடைய படை இரண்டு ஆறுகளுக்கு நடுவே போய் அடைபட்டுக் கிடந்தது. அவ்வருஷ முடிவில் பிஷர் கோட்டையைப் பிடிக்கப் போய்ப் பிடிக்காமல் திரும்பி, உத்தியோகத்தையும் இழந்தார். ஆனால் ஒரு நாளைச் சொல்லவேண்டும். 1864 செப்டம்பர் 29, நியூ மார்க்கெட் மேடு. கறுப்பர்கள் சண்டையில் நிற்கமாட்டார்கள், ஓடிப்போவார்கள் என்று வடக்கத்திய வெள்ளையர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்த மேட்டைப் பிடிக்கப் பட்லர் கறுப்புப் பட்டாளங்களை அனுப்பினார். அவர்கள் பிணமாய் விழுந்து விழுந்து அதைப் பிடித்தார்கள். அந்த ஒரு சண்டைக்காக 14 கறுப்புச் சிப்பாய்களுக்கு அமெரிக்காவின் மிகப் பெரிய வீரப்பதக்கம் கொடுக்கப்பட்டது. பட்லர் அது போதாதென்று தம் சொந்தப் பணத்தில் வெள்ளிப் பதக்கம் அடித்து அவர்களுக்குக் கொடுத்தார். சர்க்கார் அதை அங்கீகரிக்கவில்லை. அவ்வளவுதானா? சிறைப்பட்ட கறுப்புச் சிப்பாய்களை எதிரி பீரங்கிக்கு முன்னே மண் வெட்ட வைத்தபோது, பட்லர் தம் கையில் இருந்த எதிரிச் சிறைக்காரர்களைக் கொண்டுபோய் அவர்களுடைய பீரங்கி விழுகிற இடத்தில் மண் வெட்ட வைத்தார். கறுப்பர்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டுபோன பிறகுதான் இவர்களை விட்டார். கொடுமைதான். ஆனால் கறுப்புச் சிப்பாயின் உயிரும் வெள்ளைச் சிப்பாயின் உயிரும் ஒரே விலை என்று அந்த யுத்தத்தில் இவ்வளவு பச்சையாய்ச் சொன்ன தளபதிகள் அதிகம் பேர் இல்லை.

யுத்தம் முடிந்தபின் பட்லர் காங்கிரசில் பல வருஷம் இருந்தார். 1868-ல் ஜனாதிபதி ஜான்சனை விசாரித்து நீக்கப் பார்த்தார்கள்; வாதாடினவர்களில் பட்லர் முக்கியமானவர்; ஒரே ஒரு ஓட்டுக் குறைந்து ஜான்சன் தப்பினார். 1871-ல் பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று ஒரு பெண் காங்கிரசு கமிட்டி முன்னால் வந்து வாதாடினபோது, ஆமாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் இவர் ஒருவர். அதே வருஷம், முகமூடி போட்டுக்கொண்டு கறுப்பர்களை இரவில் கொலை செய்த கூ கிளக்ஸ் கூட்டத்தை அடக்கச் சட்டம் செய்ய முன்நின்றார். அப்போது அடிபட்ட ஒருவருடைய ரத்தச் சட்டையைச் சபையில் ஆட்டிக் காட்டிக் கூத்தாடினார் என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள். சட்டையை ஆட்டினதற்குச் சபை நடவடிக்கைக் குறிப்பில் சான்று கிடையாது. முதுகு கிழிய அடித்தது உண்மை, சட்டை ஆட்டினது பொய். ஆனால் அடியை மறந்துவிட்டுச் சட்டையைப் பற்றித்தான் நூறு வருஷம் பேசினார்கள்!

1874 ஜனவரியில், ஹோட்டல், ரயில், நாடகக் கொட்டகை முதலிய பொது இடங்களில் நிற பேதம் இல்லாமல் எல்லோரையும் அனுமதிக்க வேண்டும் என்ற மசோதா விவாதத்துக்கு வந்தது. சம்னர் என்பவரும் பட்லரும் அதற்காக உழைத்தார்கள். காங்கிரசு அங்கத்தினர்களாய் இருந்த கறுப்பர்களுக்கே ரயிலில் நல்ல வண்டியில் இடமில்லை, வழியில் ஹோட்டலில் சோறில்லை. அவர்கள் சட்டம் செய்யலாம், காசு கொடுத்துச் சாப்பிட முடியாது! ஜனவரி 6-ந் தேதி எலியட் என்ற கறுப்பு அங்கத்தினர் எழுந்து, அடிமை ராஜ்யத்துக்கு உப ஜனாதிபதியாயிருந்த ஸ்டீபன்ஸ் அவர்களுக்கு வரிக்கு வரி பதில் சொன்னார். மறுநாள் பட்லர் பேசினார். நியூ மார்க்கெட் மேட்டில் தாம் குதிரைமேல் போனபோது வழியில் கிடந்த 543 கறுப்புத் தோழர்களின் உடல்களைப் பற்றிச் சொல்லி, அந்த முகங்களைப் பார்த்துத் தாம் செய்துகொண்ட சபதத்தைச் சொன்னார். வக்கீல் பேச்சு என்று சிலர் சொல்லலாம். காண்ட்ராபாண்டு என்று பேசின அந்த வாய் இப்போது தோழர்கள் என்று சொல்லிற்று என்பதை நாம் கவனிக்கிறோம்.

அந்த வருஷத்துத் தேர்தலில் பட்லர் தோற்றுப்போனார். பதவி முடிவதற்குள் அவசரமாய் மசோதாவை நிறைவேற்றினார்கள். பள்ளிக்கூடங்களைப் பற்றிய பகுதியை மாத்திரம் வெட்டிவிட்டார்கள். சேர்ந்து ரயிலில் போனாலும் போகலாம், பிள்ளைகள் சேர்ந்து படித்துவிடக்கூடாது என்ற பயம். 1875 மார்ச் முதல் தேதி அது சட்டமாயிற்று. எட்டு வருஷம் பெயருக்கு உயிரோடு இருந்தது. 1883 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஒன்பது நீதிபதிகளில் ஹார்லன் ஒருவர்தான் மறுத்து எழுதினார். அதேமாதிரிச் சட்டம் மறுபடி வர 1964 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

சுப்ரீம் கோர்ட்டு இந்தத் தீர்ப்பைச் சொன்னபோது பட்லர் மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கவர்னராய் இருந்தார். பல தடவை நின்று தோற்று, 1882-ல் ஜெயித்து வந்தவர். வந்தவுடனே ட்யூக்ஸ்பரி என்ற ஊரில் சர்க்கார் நடத்திய ஏழை விடுதியைக் கிளறினார். அனாதைகள் செத்தால் அவர்களுடைய பிணத்தை வைத்தியக் கல்லூரிகளுக்கு விற்கிறார்கள் என்று விசாரணை நடத்தினார். பெரிய மனிதர்களுக்கு மகா கோபம். சட்டசபையில் பெரும்பான்மையோர் அப்படி ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டார்கள். கண்ணும் காதும் இல்லாத ஹெலன் கெல்லருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாரே ஆன் சல்லிவன், அவர் சிறுமியாய் நாலு வருஷம் கிடந்ததும், அவருடைய தம்பி செத்ததும் அந்த விடுதியில்தான். அங்கே ஒன்றும் இல்லை என்று சொன்னவர்கள் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்திருக்கவேண்டும்.

அந்த மாகாணத்துக் கவர்னராய் வருகிறவர்களுக்கு ஹார்வர்டு சர்வகலாசாலை டாக்டர் பட்டம் கொடுத்துக் கௌரவிப்பது அக்காலத்தில் வழக்கமாய் இருந்தது. 1883-ல் பட்லருக்கு மாத்திரம் கொடுக்க முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். அந்த ஹார்வர்டு சட்டக் கலாசாலையில் 1869-ல் முதல்முதல் பட்டம் வாங்கின கறுப்பர் ஜார்ஜ் ரபின் என்பவர். அதற்குமுன் க்ஷவரத் தொழில் செய்து பிழைத்துக்கொண்டே சட்டம் படித்தவர். அவ்வருஷ முடிவில், பதவி முடிய இரண்டு மாதத்துக்குள் இருக்கும்போது, சார்ல்ஸ்டவுன் கோர்ட்டுக்கு அவரை நீதிபதியாகப் பட்லர் நியமித்தார். அந்த மாகாணத்தில் ஒரு கறுப்பர் நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ரபின் 1886-ல் இறக்கும் வரையில் அந்த ஆசனத்தில் இருந்தார். வெள்ளைக்காரரும் அவர் முன்னால் வந்து நின்று தங்கள் வழக்கைச் சொன்னார்கள்.